பலகை காலி

காலையில் நாலாம் நம்பருக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

வெள்ளை உடுப்பு அதிகாரிகள் வரிசைகட்டி நின்றார்கள். பேண்டு முழங்கியது. கொடியை இறக்கி, மடித்து, பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார்கள். முப்பத்தாறு வருஷம் கடலுக்கடியில் உழைத்த இந்தப் படகு இனி நிம்மதியாக இளைப்பாறட்டும் என்று பெரிய அதிகாரி ஒருவர் மைக்கில் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

யார்டு ஆட்களைக் கயிறு கட்டி ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எலும்பும் தோலுமாக நின்றிருந்தவன் சுள்ளி.

"இளைப்பாறட்டுமாம். நமக்கு எப்ப மச்சான்?" என்றான்.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி வயிறு குலுங்கச் சிரித்தார். "உனக்கென்ன மாப்ளே, நீ உள்ள போய்ப் படுத்துக்கிட்டேதானே சம்பாதிக்கிற. தெனமும் இளைப்பாறல்தான்."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். சுள்ளியும் சிரித்து வைத்தான்.

ஒரே அச்சில் செய்த ஐந்து நீர்மூழ்கிகள் அவை. யார்டில் யாரும் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நம்பர்தான். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய நாலும் ஏற்கெனவே ஓய்வு பெற்று, துறையின் கோடியில் துருப்பிடித்துக் கட்டிக் கிடந்தன. நாலாம் நம்பரோடு அந்தக் குடும்பமே முடிந்தது. புதிய ரகப் படகுகளில் தொட்டிகளைக் குழாய் விட்டே கழுவிவிடலாம். இந்தக் கிழடுகளில் அது நடக்காது. வெளி உடம்புக்கும் உள் உடம்புக்கும் நடுவில் இருக்கிற தொட்டிகளில் ஆள் இறங்கித்தான் சேறு அள்ள வேண்டும், துரு சுரண்ட வேண்டும். இறங்குகிற மேன்ஹோல், சோற்றுப் பானை வாயைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு கையை மேலே நீட்டி, ஒரு தோளைச் சரித்து, மூச்சை வெளியே விட்டால்தான் உடம்பு நுழையும்.

இருபத்தாறு வருஷமாக அப்படி நுழைந்துகொண்டிருந்தான் சுள்ளி. மேஸ்திரியும் ஒரு காலத்தில் நுழைந்தவர்தான். வயிறு வளர்ந்த பிறகு மேன்ஹோல் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, டார்ச்சடித்து, அதட்டல் போடுவதோடு சரி.

மேஸ்திரி சுள்ளியின் பெண்டாட்டிக்கு அண்ணன். யார்டில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். தங்கையைக் கட்டிக் கொடுத்தவர் அவர். குடியிருக்க மாடியைக் கொடுத்தவரும் அவர். வேலை, பெண்டாட்டி, வீடு மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தன. அந்தக் கையிடம் சுள்ளி இதுவரை முடியாது என்று சொன்னதில்லை. காலையில் அவர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறினால் மாலையில் அதே பின்சீட்டில் இறங்குவான்.

படகுக்குப் போகிற பாலத்தின் முனையில் ஒரு மரப்பலகை இருந்தது. பலகை நிறைய ஆணி. உள்ளே போகிற ஒவ்வொருவனும் தன் நம்பர் வெட்டிய பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால் படகு காலி. அதைப் பார்த்துத்தான் மூடிகளை முடுக்குவார்கள், குழாய்களைப் பிடுங்குவார்கள். பலகைக்கு மேலே சிவப்பு எழுத்தில் இரண்டு வரி எழுதியிருந்தது. அடுத்தவர் டோக்கனைத் தொடுகிறவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். தன் டோக்கனை எடுத்தபின் மறுபடி உள்ளே நுழைகிறவர் தொட்டிப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்.

முதல் வரியை அந்த கேங்கில் யாரும் சட்டை செய்ததில்லை. சுள்ளியின் டோக்கன் பல வருஷமாக மேஸ்திரியின் சட்டைப்பையில்தான் குடியிருந்தது. காலையில் அவர் இரண்டையும் மாட்டுவார், மாலையில் இரண்டையும் எடுப்பார். "உன் கையெல்லாம் சேறு. நீ கழுவிட்டு வா, நான் எடுத்துக்கறேன்," என்று என்றோ ஒருநாள் சொன்னது அப்படியே பழகிவிட்டது. பலகையைக் காவல் காக்கிற டோக்கன்காரரும் பார்த்துக்கொண்டே பார்க்காததுபோல் இருப்பார்.

இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பிப்போய்ப் பிடிபட்டார். அவரைத் தொட்டிப் பட்டியலிலிருந்து எடுத்துக் கயிற்றுக் கிடங்கில் போட்டார்கள். தொட்டியில் இறங்குவதற்குத் தருகிற படிப்பணம் போயிற்று, மரியாதையும் போயிற்று. கயிறு என்பதே அவர் பெயராகிவிட்டது. "என்ன கயிறு, இன்னிக்கு எத்தன முடிச்சு?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கிண்டல் செய்வான். சுள்ளியும் செய்வான். ஆனால் கிடங்கைத் தாண்டும்போதெல்லாம் அவன் கண் அந்த ஜன்னலுக்குப் போகும். அகலமான ஜன்னல். பக்கத்தில் ஒரு ஸ்டூல். கயிறு அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்கிற ஒரு மனிதனைப் பார்த்தாலே சுள்ளிக்கு முதுகு வலிக்கும்.

போன வாரம் எல்லோருக்கும் விருப்பப் படிவம் கொடுத்தார்கள். ஐந்து படகையும் இதே யார்டில் உடைக்கப்போகிறார்கள். உடைக்கிற கேங்குக்கு வருகிறாயா, வேறு பிரிவுக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தது. உடைக்கும் முன்னால் ஒவ்வொரு தொட்டியிலும் மறுபடி இறங்கி எண்ணெயை வழித்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டும்போது தீப்பிடிக்கும். ஆறு வருஷ வேலை. சுள்ளி ஓய்வுபெறவும் அதே ஆறு வருஷம்தான் இருந்தது.

மேஸ்திரி இரண்டு படிவத்தையும் தானே நிரப்பினார்.

"உடைக்கிற கேங்குன்னு போட்டுட்டேன் மாப்ளே. ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துடலாம்."

அன்று ராத்திரி சுள்ளி பெண்டாட்டியிடம் மெல்லப் பேச்சை எடுத்தான். "கயிற்றுக் கிடங்குல ஒரு ஆள் எடம் காலியாம்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. நீ கொஞ்சம் சொல்லிப் பாரேன்."

"நான் எப்படிங்க சொல்றது? அவர் கீழ, நாம மேல. நாளைக்கு மொகத்துல முழிக்க வேணாமா?" சொல்லிவிட்டு அவன் முதுகில் தைலம் தேய்த்தாள். பாவம், வலிக்கிற இடம் தெரிந்துதான் தேய்த்தாள்.

பேண்டு வாத்தியம் ஓய்ந்து, அதிகாரிகள் காரேறிப் போன பிறகு, நாலாம் நம்பரின் முன்பக்கத் தொட்டியைச் சுத்தம் செய்கிற வேலை பாக்கி இருந்தது. அதை முடித்து மூடியை முடுக்கிவிட்டால் மறுநாள் இழுத்துக்கொண்டு போய் மற்ற நான்கோடு கட்டிவிடலாம். மூன்றரை மணிக்குள் சுள்ளி கடைசி வாளிச் சேற்றை மேலே அனுப்பிவிட்டு வெளியே வந்தான். காற்று ஊதுகிற குழாயையும் உருவியாயிற்று. மேஸ்திரி கருவிப் பெட்டியை எண்ணினார். பதினாலு இருக்க வேண்டியது பதிமூன்று இருந்தது.

"சின்னச் சுரண்டி இல்ல," என்றான் சுள்ளி. "கோடி அறையில வச்சேன்."

"விட்டுத் தள்ளு. படகே உடைக்கப் போவுது, ஒரு சுரண்டிக்கு யார் அழப்போறா?"

"எண்ணிக்கை இடிக்கும் மச்சான். ஸ்டோர்க்காரி உயிரை வாங்குவா. ரெண்டு நிமிஷம்."

இருபத்தாறு வருஷத்தில் அவன் ஒரு கருவியையும் தொட்டிக்குள் விட்டதில்லை. கடலில் ஓடுகிற படகின் தொட்டிக்குள் ஒரு திருகாணி உருண்டால்கூட எதிரிக்குச் சத்தம் கேட்குமாம். இனி கேட்க எதிரியும் இல்லை, ஓடப் படகும் இல்லை. ஆனாலும் உடம்பு தானாக இறங்கிவிட்டது.

"சரி, நான் ஆபீசுக்குப் போய்ப் படிவத்தக் கொடுத்துட்டு அப்படியே ஒரு வேலையா போறேன். நாலு மணியோட மூடிடுவானுங்க. நீ இன்னிக்கு நடந்து வந்துடு," என்று மேலேயிருந்து மேஸ்திரி குரல் வந்தது.

தொட்டிக்குள் குறுக்கே ஆறு தடுப்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை வடிவத் துளை. ஆறையும் நெளிந்து தாண்டினால்தான் கோடி அறை. சுரண்டி, சேறு வழிந்த ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தேடிக் கையில் எடுக்கும்போது மேல்தளத்தில் யாரோ உளியடிக்கிற இரைச்சல் காதை அடைத்துக்கொண்டிருந்தது. சட்டென்று வெளிச்சம் மாறியது. இருட்டு என்பதைவிட, கடைசித் துளையில் தெரிந்துகொண்டிருந்த ஒரு சாம்பல் நிறப் பொட்டு இல்லாமல் போனது என்று சொல்ல வேண்டும்.

பிறகு ஏர் கன்னால் நட்டு முடுக்குகிற சத்தம் கேட்டது. டர்ர்ர். டர்ர்ர்.

"ஏய்! ஆள் இருக்கு! உள்ள ஆள் இருக்கு!"

கத்திக்கொண்டே ஆறு துளையையும் தாண்டினான். முழங்கால் சதை பிய்ந்தது. மேன்ஹோலின் அடியில் வந்து சேர்ந்தபோது கடைசி நட்டும் முடுக்கியாயிற்று. ஃபிட்டரின் செருப்புச் சத்தம் தலைக்கு மேலே நடந்து போயிற்று. சுள்ளி சுரண்டியால் மூடியை ஓங்கி ஓங்கி அடித்தான். அந்த நேரம் பார்த்து யார்டின் சங்கு ஊதியது. ஊதி முடித்தபோது மேலே யாருமில்லை.

என்ன நடந்தது என்று யோசிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஃபிட்டர் பலகையைப் பார்த்திருப்பான். பலகை காலி. மச்சான் போகிறபோக்கில் தன் டோக்கனை எடுத்திருப்பார், அடுத்த ஆணியில் இருந்ததையும் கை தானாக எடுத்திருக்கும். அவர் மனதில் கெடுதல் இல்லை. கைப்பழக்கம். தான் சுரண்டிக்காக இறங்கினதும் கைப்பழக்கம்தான்.

தலைவிளக்கு மங்கலாக எரிந்தது. அதை அணைத்தான். அணைத்துவிட்டுப் பயந்து மறுபடி போட்டான், மறுபடி அணைத்தான்.

இரண்டாம் நம்பரில் ஒருவன் இப்படிச் செத்திருக்கிறான். விஷவாயு எதுவும் இல்லை. வெறும் துருதான். இரும்பு துருப்பிடிக்கக் காற்றைத் தின்னும். மூடின தொட்டிக்குள் மனிதனுக்கும் இரும்புக்கும் ஒரே பானைச் சோறு. புதிதாகச் சுரண்டி ஈரமாக விட்ட தகட்டுக்குப் பசி அதிகம். நாள் முழுக்கச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி வைத்தவன் சுள்ளிதான். இரண்டாம் நம்பர்க்காரனைக் கண்டெடுத்தபோது தூங்குகிறவன்போல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தானாம். அதைச் சொன்னவர் ஆறுதலாகத்தான் சொன்னார். சுள்ளிக்கு அதற்குப் பிறகு உட்கார்ந்து தூங்குகிற யாரைப் பார்த்தாலும் தட்டி எழுப்பத் தோன்றும்.

கத்தக் கூடாது. கத்தினால் காற்று செலவு. தட்டலாம். கேங்கில் தட்டுகிற கணக்கு ஒன்று இருந்தது. இரண்டு தட்டினால் காற்றைக் கூட்டு, மூன்று தட்டினால் வாளியைத் தூக்கு, நாலு தட்டினால் டீ வந்துவிட்டதா. மூன்று மூன்றாகத் தட்டினான். கொஞ்ச நேரம் கழித்து நாலும் தட்டிப் பார்த்தான். டீக்காவது யாராவது காது கொடுக்க மாட்டார்களா.

தேடுவார்களா? பெண்டாட்டி, அவன் கீழே அண்ணனோடு பேசிக்கொண்டிருப்பான் என்று நினைப்பாள். அண்ணன், அவன் மாடிக்குப் போயிருப்பான் என்று நினைப்பார். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் காணாமல் போனால் எத்தனை நாள் கழித்துத் தெரியும்? யார்டுக்குத் தெரியவே தெரியாது. யார்டின் கணக்குப்படி அவன் வெளியே போய்விட்டான்.

இந்நேரம் படிவத்தைக் கொடுத்திருப்பார். அதை நினைத்ததும் சுள்ளிக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் ஒரே நேரத்தில் அவனை இரண்டு தடவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார், ஒன்று இன்றைக்கு, ஒன்று ஆறு வருஷத்துக்கு. சிரித்தது தப்பு. மூச்சு வாங்கியது. வாயில் காசை வைத்ததுபோல் உலோகச் சுவை. கடுப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வெளியே போனால் கேட்டுவிட வேண்டும். என் டோக்கன் உங்க பையில எதுக்கு மச்சான்? இருபத்தாறு வருஷமா எதுக்கு? இதை மனதுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தான். மரியாதையாக ஒன்று, கெட்ட வார்த்தையோடு ஒன்று. அப்புறம் வார்த்தைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நழுவின. கை தட்டிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. தலை மெல்லத் தொங்கியது.

டர்ர்ர். டர்ர்ர்.

வெளிச்சம் கத்திபோல் இறங்கியது. மேலே நீண்டிருந்த அவன் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். தோள்பட்டை மேன்ஹோல் விளிம்பில் உரசிக் கிழிந்தது. தளத்தில் மல்லாந்து விழுந்து காற்றை விழுங்கினான்.

"மாப்ளே! டேய் மாப்ளே! உசுரு இருக்குடா சாமி!"

மேஸ்திரிதான். ஓடி வந்ததில் முகமெல்லாம் நனைந்திருந்தது. சுள்ளியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தார். அணைத்த வேகத்தில் அவன் உள்ளங்கையில் எதையோ திணித்து விரல்களை மடக்கிவிட்டார். சில்லென்று, வட்டமாக. பித்தளை.

அவருடைய பெருமூச்சு சுள்ளியின் காதில் சுட்டது. "நீயே எடுத்ததாச் சொல்லிடு," என்றார் அந்த மூச்சுக்குள்.

விஷயம் இப்படி. ஸ்டோர்க்காரி ஸ்டோரைச் சாத்த மறுத்துவிட்டாள். ஆபீசில் படிவத்தைக் கொடுத்துவிட்டு, அங்கேயே நாலு பேரோடு மணிக்கணக்கில் கதையளந்து முடித்து வெளியே வந்த மேஸ்திரியை மறித்து, "பதினாலு எடுத்தீங்க, பதிமூணு வந்திருக்கு. சுரண்டி எங்க?" என்றாள். "அட, சுள்ளி எடுக்கப் போயிருக்கான், நாளைக்கு வரும்," என்றார் மேஸ்திரி. "எடுக்கப் போனவன் எங்க?" என்றாள் அவள். மேஸ்திரி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே இரண்டு டோக்கன். பிறகு அவர் ஓடியதை யார்டில் மிச்சமிருந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

சேஃப்டி அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, சின்ன வயது, பேனாவை மூடாமலே வைத்திருக்கிற ஆள். சுள்ளிக்குத் தண்ணீர் கொடுத்து, பாலத்தின் முனையில், பலகைக்குக் கீழே உட்கார வைத்தார். பக்கத்தில் டோக்கன்காரர் செத்த முகத்தோடு நின்றார். மேஸ்திரி பாலத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தார்.

"பலகை காலியா இருந்திருக்கு. நீங்க உள்ள இருந்திருக்கீங்க. உங்க டோக்கன யார் எடுத்தது?"

சுள்ளி உள்ளங்கையைப் பார்த்தான். அவன் நம்பர். ஓரம் தேய்ந்து வழவழத்திருந்தது. அவன் கை பட்டு அல்ல, மச்சானின் சட்டைப்பையில் கிடந்து தேய்ந்தது. செத்துப் பிழைத்து வந்தவனின் நெஞ்சைத் தடவும் முன்னால் இதைத் திணித்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் ஒரே வார்த்தைதான். மச்சான் வேலை போகும். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்த டோக்கன்காரர் வேலையும் போகும். தொட்டிக்குள் தயார் செய்து வைத்த கேள்வி தொண்டையில் வந்து நின்றது.

தலையை நிமிர்த்தினான். நிமிர்ந்ததும் சிவப்பு எழுத்துதான் கண்ணில் பட்டது. முதல் வரியைப் படித்தான். பிறகு இரண்டாம் வரியைப் படித்தான். அதை இன்னொரு தடவை மெதுவாகப் படித்தான்.

"நான்தான் சார் எடுத்தேன்," என்றான். "எடுத்துட்டேன். அப்புறம் சுரண்டி ஞாபகம் வந்து திரும்பிப் போனேன்."

"டோக்கன் எடுத்த பிறகா?"

"ஆமா சார்."

"ரூல் தெரியும்ல?"

"தெரியும் சார்."

அதிகாரி சங்கடத்தோடு பேனாவை உதறினார். "இத்தன வருஷ சர்வீஸ். உடைக்கிற கேங்குல உங்க பேரு முதல்ல இருக்கு. இப்ப நான் உங்களத் தொட்டிப் பட்டியல்லேர்ந்து எடுத்தாகணும். படியும் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

"எடுத்துடுங்க சார்."

காகிதத்தை நீட்டினார். மேஸ்திரியின் கை பழக்கத்தில் பேனாவுக்கு நீண்டது, பிறகு பின்வாங்கியது. சுள்ளி தன் பெயரைத் தானே எழுதினான். ரொம்ப நாள் எழுதாததால் எழுத்து கோணியது. டோக்கனை அதிகாரியின் கையில் வைத்தான்.

அன்று அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுதான் போனார் மேஸ்திரி. பாதி வழியில், "என் குடும்பத்தையே காப்பாத்திட்ட மாப்ளே," என்று அழுதார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அழுகை நின்றது. ஒரு தெருமுனையில் பிரேக்கைப் பிடித்து வண்டியை ஓரம் கட்டினார்.

"ஏன்டா, அப்ப உடைக்கிற கேங்குல உள்ள யார் எறங்குவா?"

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "நீ எனக்காகச் சொன்னியா? இல்ல, தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரியல மச்சான்," என்றான் சுள்ளி. "உள்ள காத்து கம்மி."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவனுக்கே தெரியவில்லை.

கயிற்றுக் கிடங்கில் அவனுக்கு ஸ்டூல் கிடைத்தது. முதல் நாள், தூசி வருகிறதென்று கயிறு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சுள்ளி எழுந்துபோய்த் திறந்தான். அவர் மறுபடி சாத்தினார். இவன் மறுபடி திறந்து, கதவுக்கடியில் சுரண்டியை ஆப்பாக அடித்து வைத்தான். படகுகளோடு சேர்த்து அவற்றின் கருவிகளையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள். "இந்தச் சனியனுக்குத்தானே அத்தன ஆர்ப்பாட்டம், நீயே வச்சுக் கும்பிடு," என்று ஸ்டோர்க்காரி தூக்கிப் போட்டது அது.

"தூசி உள்ள வருது சுள்ளி."

"வரட்டும்ணே."

கிண்டலுக்கும் குறைவில்லை. இப்போது கயிறு இரண்டாகிவிட்டதால், பெரிய கயிறு, சின்னக் கயிறு என்றார்கள். வீட்டில் பெண்டாட்டிக்கு அண்ணனைக் காப்பாற்றிய புருஷன்மேல் புது மரியாதை. குழம்பில் தெரிந்தது. கீழ்வீட்டில் மேஸ்திரி முன்போல் சிரிப்பதில்லை. அதே வாசல், அதே படிக்கட்டு. இவன் இறங்கும்போது அவர் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பார், பின்சீட்டைக் கையால் துடைத்துவிடுவார். இவன் ஏறி உட்காருவான். வேறென்ன செய்வது.

உடைக்கிற வேலை ஒன்றாம் நம்பரில் தொடங்கியது. உள்ளே இறங்க மேஸ்திரிக்கு வேறு ஆள் கிடைத்தான். நடு வயதுக்காரன், இரண்டு பிள்ளைக்காரன், சுள்ளியைவிட ஒல்லி. பெயர் வைக்க அதிக நேரம் ஆகவில்லை, குச்சி என்றார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் ஒரு கையை மேலே நீட்டித் தோளைச் சரித்து மறைவது தெரியும். அதைப் பார்க்கும்போது சுள்ளி தன்னையறியாமல் மூச்சை வெளியே விடுவான். குச்சி வெளியே வரும்வரை சுள்ளியின் கயிற்றில் முடிச்சு விழாது.

நாலு மணிச் சங்கு ஊதியதும் எல்லோரும் கேட்டுக்குப் போவார்கள். சுள்ளி துறையின் கோடிக்கு நடப்பான். ஒன்றாம் நம்பர் பாலத்தின் பலகைக்குப் பக்கத்தில் போய் நிற்பான். அவனுக்கு அங்கே வேலை இல்லை, டோக்கனும் இல்லை. டோக்கன்காரர் நகர்ந்து இடம் விடுவார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பாலத்தில் இறங்கி வந்தார். தன் டோக்கனை எடுத்தார். ஏதோ யோசனையில் கை அடுத்த ஆணிக்கும் போயிற்று. பித்தளையைத் தொட்டும்விட்டது.

"மச்சான்," என்றான் சுள்ளி.

மேஸ்திரி திரும்பினார். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை.

"அது தொங்கட்டும். அவன் வரட்டும்."

மேஸ்திரி கையை எடுத்தார். ஸ்கூட்டரிடம் போய் நின்றார். டோக்கன் ஆணியில் ஆடி அடங்கியது. இரண்டு பேரும் அவரவர் இடத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றாம் நம்பருக்குள்ளிருந்து, வாளியைத் தூக்கச் சொல்லி, மூன்று தட்டுச் சத்தம் கேட்டது.